சிந்த் ட்ராக்கை பவுன்ஸ் செய்தால் 'டிக்' சத்தம் வருகிறதா? ரீப்பரின் ரெண்டர் வசதி பற்றி ஒரு விமர்சனம்

ப்ளே பட்டனை அழுத்திக் கேட்கும்போது சுத்தமாக இருக்கிற சாஃப்ட்வேர் சிந்த் (கம்ப்யூட்டரிலேயே ஓடுகிற சிந்தசைசர்) ட்ராக், ஆடியோ ஃபைலாக பவுன்ஸ் ஆனதும் நடுவில் எங்கோ 'டிக்' என்கிறது, அல்லது ஒரு நோட்டு பாதியிலேயே அறுந்துபோகிறது, அல்லது ஒரு கணம் சத்தமே இல்லை. இதற்கு வழி கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிற பதில் 'பஃபரை 1024-க்கு ஏற்று' என்பதுதான், பஃபர் என்றால் கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குக் கணக்கிடுகிற ஒலித் துண்டின் அளவு. ஏற்றிப் பார்த்தாலும் பல சமயம் அதே டிக் அதே மாதிரி நிற்கும். ரீப்பர் என்கிற ரெக்கார்டிங் மென்பொருள் எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்: பவுன்ஸ் எந்த வேகத்தில், எந்த முறையில் நடக்க வேண்டும் என்பதை அது நம் கையில் விட்டுவிடுகிறது. அதனால் டிக் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடிக்க முடிகிறது. மிக்ஸர், எடிட்டிங், மிடி (ஒலி இல்லாமல் நோட்டு விவரம் மட்டும்) எடிட்டர் பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறைய பேர் பேசிவிட்டார்கள், நான் ரெண்டர் (பவுன்ஸுக்கு ரீப்பர் வைத்திருக்கிற பெயர்) பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ரீப்பரை உருவாக்கியவர் ஜஸ்டின் ஃப்ராங்கல். பிரவுசிங் சென்டர் காலத்தில் நாம் எல்லோரும் எம்பி3 கேட்ட வின்ஆம்ப்பை எழுதியவர் அவரேதான். அவருடைய காக்கோஸ் நிறுவனம் 2006-ல் ரீப்பரின் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டது, 7-ஆம் பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். டவுன்லோட் மிகச் சிறியது, மொபைல் டேட்டாவிலேயே இறக்கிவிடலாம். விலை விவரத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில், ப்ளே ஆவதும் பவுன்ஸ் ஆவதும் ஒரே வேலை இல்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும், இது தெளிவானால் பாதித் தேடல் முடிந்துவிடும். ப்ளே செய்யும்போது ஆடியோ இன்டர்ஃபேஸ் (கம்ப்யூட்டருக்கு ஒலியை உள்ளே வெளியே கொண்டுபோகிற கருவி) ஒரு கடிகாரத்தோடு ஓடுகிறது. 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலி அளவீடு) பஃபர் 256 சாம்பிள் என்றால் 5.3 மில்லி செகண்டுக்கு ஒரு முறை அடுத்த துண்டு ஒலி தயாராக இருந்தே ஆக வேண்டும், அதற்குள் சிந்த் கணக்குப் போட்டு முடிக்கவில்லை என்றால் அந்த இடத்தில் ஓட்டை விழும், அதுதான் காதில் டிக். பஃபரை 1024 ஆக்கினால் 21.3 மில்லி செகண்ட் அவகாசம் கிடைக்கிறது, எனவே ப்ளே செய்யும்போது வருகிற கிளிக்குக்கு அது நல்ல மருந்து. ஆனால் ஆஃப்லைன் பவுன்ஸில் கடிகாரமே கிடையாது. ஒரு துண்டு ஒலியைக் கணக்கிட சிந்துக்கு அரை நிமிடம் ஆனாலும் மென்பொருள் காத்திருந்து வாங்கித்தான் ஃபைலில் எழுதும். சென்னையில் மே மாத மதியத்தில் லேப்டாப் கொதித்து வேகம் குறைந்தாலும், வைஃபை டிரைவர் குறுக்கே வந்து தொந்தரவு செய்தாலும், ரெண்டர் மெதுவாகும், அவ்வளவுதான், அதனால் ஃபைலில் டிக் விழ வழியில்லை.

அப்படியானால் ஆஃப்லைன் பவுன்ஸ் செய்த ஃபைலிலும் டிக் இருக்கிறது என்றால், தேட வேண்டிய இடம் பஃபரோ இன்டர்ஃபேஸோ ஆசியோ டிரைவரோ (இன்டர்ஃபேஸை இயக்குகிற மென்பொருள்) அல்ல. பிளகின் (சிந்த் போல உள்ளே மாட்டுகிற துணை மென்பொருள்), அல்லது ப்ராஜெக்ட்.

ரீப்பரில் கன்ட்ரோல், ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ரெண்டர் விண்டோ திறக்கும். அதில் வேகத்துக்கென்று ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது, நிறைய பேர் அதைத் தொடுவதே இல்லை. ஃபுல் ஸ்பீடு ஆஃப்லைன், 1எக்ஸ் ஆஃப்லைன், ஆன்லைன் ரெண்டர், இவற்றோடு ஐடில் என்ற பெயரில் பின்னணியில் மெதுவாக ஓடுகிற இரண்டு வகைகள். முதல் மூன்றுதான் நமக்கு முக்கியம். ஃபுல் ஸ்பீடு என்றால் கம்ப்யூட்டரால் முடிந்த வேகத்தில், நான்கு நிமிடப் பாட்டு சில நொடிகளில்கூட முடிந்துவிடலாம். ஆன்லைன் என்றால் நாம் கேட்கிற அதே வேகத்தில், கேட்டுக்கொண்டே. நடுவில் இருக்கிற 1எக்ஸ் ஆஃப்லைன்தான் எனக்கு மிகப் பிடித்தது: பாட்டின் இயல்பான வேகத்தைத் தாண்டாது, ஆனால் இன்டர்ஃபேஸின் கடிகாரத்துக்கும் கட்டுப்படாது. சிந்த் எங்காவது தாமதித்தால் காத்திருக்கும், தாமதிக்காவிட்டால் நிதானமாகப் போகும்.

இந்த நடு வழி ஏன் இவ்வளவு உதவுகிறது என்று சொல்கிறேன். ஒரு குறும்படத்துக்குப் பின்னணி இசை செய்தபோது காசு கொடுத்து வாங்கிய ஒரு பியானோ லைப்ரரியைப் பயன்படுத்தினேன். சாம்பிள்கள் (இங்கே, முன்பே பதிவு செய்த பியானோ ஒலிகள்) எல்லாம் யுஎஸ்பியில் மாட்டிய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. ப்ளே செய்தால் எந்தக் குறையும் இல்லை. ஃபுல் ஸ்பீடில் ரெண்டர் செய்தால், சஸ்டெய்ன் பெடலை அழுத்திப் பிடித்திருக்கிற இடங்களில் மட்டும் நோட்டுகள் அடித்த கொஞ்ச நேரத்தில் செத்துப்போயின. தொடக்க அடி கேட்கிறது, நீட்சி இல்லை. 1எக்ஸ் ஆஃப்லைனில் அதே ப்ராஜெக்ட், எதையும் மாற்றாமல், முழுதாக வந்தது. காரணம் இதுதான்: பெரிய சாம்பிள் லைப்ரரிகள் ஒவ்வொரு ஒலியின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, மீதியை டிஸ்க்கிலிருந்து ஓடஓட எடுக்கின்றன. காண்டாக்ட் என்கிற சாம்பிள் பிளேயரில் இந்த முன்பகுதியின் வழக்கமான அளவு 60 கிலோபைட், 24 பிட் ஸ்டீரியோ சாம்பிளுக்கு அது ஏறக்குறைய கால் நொடி. ரெண்டர் பத்து மடங்கு வேகத்தில் ஓடினால் டிஸ்க்கும் பத்து மடங்கு வேகத்தில் தர வேண்டும், சுழலும் ஹார்ட் டிஸ்க்கால் அது முடியாது, மீதி வந்து சேர்வதற்குள் பிளகின் அந்த நோட்டைக் கைவிட்டுவிடுகிறது.

சரியாக எழுதப்பட்ட பிளகின் இப்படிச் செய்யக் கூடாது. இப்போது நடப்பது ஆஃப்லைன் ரெண்டர் என்று மென்பொருள் பிளகினுக்குத் தெரிவிக்கும், விஎஸ்டி2, விஎஸ்டி3 என்கிற பிளகின் வடிவங்கள் இரண்டிலும் அதற்கு ஏற்பாடு இருக்கிறது. அது தெரிந்ததும் பிளகின் டிஸ்க்கிலிருந்து மீதி வரும்வரை நின்று, வந்த பிறகே ஒலியைத் தர வேண்டும். சில பிளகின்கள் அந்தத் தகவலைக் கண்டுகொள்வதில்லை. சில அதைக் கேட்டதும் வேறு மாதிரி நடந்துகொண்டு புதுப் பிரச்சினை கிளப்பும். ரீப்பரில் அந்தத் தகவலைப் பிளகின்களுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்பதற்கே ஒரு செட்டிங் இருக்கிறது, பிளகின் காம்பேட்டிபிலிட்டி பகுதியில். இதையெல்லாம் வெளியே எடுத்து வைத்திருக்கிறார்களே என்றுதான் எனக்கு இந்த மென்பொருள் மேல் மரியாதை.

லைப்ரரியை எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டால் இந்த வகைத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். மாற்ற வழியில்லாதவர்கள் அந்த ஒரு பியானோ ட்ராக்கை மட்டும் 1எக்ஸில் ஸ்டெம்மாக (தனி ஆடியோ ஃபைலாக) எடுத்துவிட்டு மற்றதை முழு வேகத்தில் போடலாம். காண்டாக்ட்டில் முன்பகுதியின் அளவைக் கூட்டிவைப்பதும் உதவும், ரேம் இருந்தால்.

டிஸ்க்கைத் தொடாத சிந்த்களில் கதை வேறு. யு-ஹி நிறுவனத்தின் டீவா சிந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் டிராஃப்ட், ஃபாஸ்ட், கிரேட், டிவைன் என்று நான்கு தரங்கள். அதற்குப் பக்கத்தில் ஆஃப்லைன் ரெண்டருக்கு என்று தனியாக ஒரு தேர்வு: இப்போதிருக்கிற தரமா, இருப்பதிலேயே சிறந்ததா. சிறந்தது என்று வைத்தால் நீங்கள் ஃபாஸ்ட்டில் கேட்டு மிக்ஸ் செய்த ஒலி, ரெண்டரில் டிவைன் தரத்தில் வரும், ரெசனன்ஸ் ஏற்றிய ஃபில்டர் கூர்மையாக வித்தியாசம் காட்டும், நீங்கள் கேட்காத ஒரு உச்சம் எழுந்து, ஒலி எல்லை மீறாமல் தடுக்கிற மாஸ்டர் லிமிட்டரை இடிக்கும். இது கோளாறு இல்லை, அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது, ஆனால் தெரியாதவருக்கு பவுன்ஸ் கெட்டுப்போன மாதிரிதான் கேட்கும். சீரம் என்கிற சிந்தில் ஓவர்சாம்பிளிங் (உள்ளே இன்னும் நுணுக்கமாகக் கணக்கிடுவது) 1, 2, 4 மடங்கு என்று இருக்கிறது. எந்த சிந்த் பயன்படுத்தினாலும் ரெண்டருக்கான தரம் என்று தனியாக ஏதாவது இருக்கிறதா என்று ஒரு முறை அதன் செட்டிங்கில் போய்ப் பாருங்கள். இருந்தால் மிக்ஸ் செய்யும்போதும் அதே தரத்தில் கேளுங்கள், கம்ப்யூட்டர் தாங்கவில்லை என்றால் அந்த ட்ராக்கை ஃப்ரீஸ் (தற்காலிகமாக ஆடியோவாக்கி வைப்பது) செய்துவிட்டுக் கேளுங்கள்.

டெமோ பிளகின்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில சிந்த்களின் டெமோ பதிப்பு, சிறிது நேரம் ஓடிய பிறகு வேண்டுமென்றே கிராக்கிள் சத்தம் போடும், சில இடையிடையே மௌனமாகிவிடும். நண்பர் அனுப்பிய ப்ராஜெக்டைத் திறக்கும்போது எந்தப் பிளகின் டெமோவில் ஓடுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது, இல்லாத கோளாறைத் தேடி இரவெல்லாம் உட்கார வேண்டியிருக்காது.

இனி டிக்கை எப்படி அடையாளம் காண்பது. காதைவிடக் கண் வேகமாகச் சொல்லிவிடும். ரெண்டர் ஆன ஃபைலை ப்ராஜெக்டில் போட்டு, டிக் கேட்கிற இடத்தில் ஒவ்வொரு சாம்பிளும் தெரிகிற அளவுக்கு ஜூம் செய்யுங்கள். அலை திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து தட்டையாகக் கிடந்து பிறகு மறுபடி தொடங்கினால், அது டிராப்அவுட், ஒலி வந்து சேரவில்லை. அலை ஒரு உயரத்திலிருந்து இன்னொரு உயரத்துக்குச் செங்குத்தாகத் தாவினால், நோட்டு வெட்டப்பட்டிருக்கிறது அல்லது ஏதோ பாராமீட்டர் ஒரே குதியாக மாறியிருக்கிறது. உச்சிகள் மட்டும் கத்தரித்த மாதிரி தட்டையாக இருந்தால் கிளிப்பிங். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கிளிப்பிங் என்றால் சிந்த் மேல் பழி போட வேண்டாம். ப்ராஜெக்டுக்குள் ஒலி மிதவைப் புள்ளிக் கணக்கில் ஓடுவதால் 0 டிபி என்ற உச்ச அளவைத் தாண்டினாலும் தாங்கும், 24 பிட் ஃபைலாக எழுதும்போது தாண்டியதெல்லாம் வெட்டுப்படும். 32 பிட் ஃப்ளோட்டில் எழுதினால் வெட்டுப்படாது, பிறகு இறக்கிக்கொள்ளலாம், ஸ்டெம்களுக்கு நான் எப்போதும் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். ரெண்டர் முடிந்ததும் ரீப்பர் அலைவடிவத்தோடு பீக் அளவையும், கிளிப் ஆகியிருக்கிறதா என்பதையும், லஃப்ஸ் (காதுக்குக் கேட்கிற சராசரி சத்தம்) அளவையும் காட்டிவிடுகிறது. ஃபைலே எழுதாமல் ஒத்திகை மட்டும் பார்க்க டிரை ரன் என்று ஒரு பட்டன் வேறு. மிக உபயோகமான பட்டன் அது.

செங்குத்துத் தாவல் வருகிற இடத்தில் நான் முதலில் பார்ப்பது பாலிஃபனி, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை நோட்டு ஒலிக்கலாம் என்ற எண்ணிக்கை. சிந்தில் 8 வாய்ஸ்தான் அனுமதி என்றால், பெடலோடு அடர்த்தியான கார்ட் வரும்போது ஒன்பதாவது நோட்டு பழைய நோட்டு ஒன்றின் இடத்தைப் பிடுங்கும், அந்த நோட்டு அறுகிற இடத்தில் டிக். அடுத்தது ஆட்டோமேஷன், பிளகினின் குமிழ்கள் பாட்டோடு தானே நகரும்படி எழுதிவைப்பது. பல பிளகின்கள் ஒரு பிளாக்குக்கு (ஒரு தடவைக்குக் கணக்கிடுகிற ஒலித் துண்டுக்கு) ஒரு முறைதான் பாராமீட்டர் மாற்றத்தைக் கவனிக்கின்றன. ஃபில்டர் கட்ஆஃப்பை வேகமாக இழுத்திருந்தால், பிளாக் சிறியதாக இருக்கும்போது வழுக்கிக்கொண்டு போனது, பிளாக் பெரியதானதும் படிப்படியாக 'ஸ்ஸிப்' என்று கேட்கும். ரீப்பரின் ஆடியோ ரெண்டரிங் செட்டிங்கில் ரெண்டருக்கான பிளாக் அளவை நாமே எழுதுகிற ஒரு கட்டம் இருக்கிறது. சாதாரணமாகக் காலியாகத்தான் இருக்கும். அதில் உங்கள் இன்டர்ஃபேஸின் பஃபர் அளவையே, 256 என்றால் 256, எழுதிவிட்டு ரெண்டர் செய்தால் ப்ளேயில் கேட்டதற்கு மிக நெருக்கமாக வரும். பிளாக் அளவு மாறினாலே திணறுகிற பழைய பிளகின்களுக்கும் இதே கட்டம் கை கொடுக்கும். பவுன்ஸில் மட்டும் டிக் வருகிறது என்பவர்களிடம், 1எக்ஸுக்கு அடுத்தபடியாக நான் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான்.

சாம்பிள் ரேட்டும் கவனிக்க வேண்டிய இடம். ப்ராஜெக்ட் 48 கிலோஹெர்ட்ஸில், ரெண்டர் 44.1-ல் என்று வைத்தால், கடைசியில் ஃபைலை மட்டும் மாற்றித் தரும் என்றுதான் நாம் நினைப்போம். அந்த ரெண்டர் முழுக்கவும் சிந்தே 44.1-ல் ஓடக்கூடும், சாம்பிள் ரேட் மாறியதும் சில பிளகின்கள் தங்களை மறுபடி தொடங்கிக்கொள்ளும், சில இம்பல்ஸ் ரிவர்ப்கள் (பதிவு செய்த அறை எதிரொலி ஃபைலை வைத்து இயங்குபவை) தங்கள் ஃபைலை மறுபடி ஏற்றும், ஏற்றி முடிப்பதற்குள் பாட்டின் முதல் நொடி போய்விடும். சிந்தும் மிக்ஸிங்கும் ப்ராஜெக்டின் சாம்பிள் ரேட்டிலேயே நடக்கட்டும் என்பதற்கு ரெண்டர் விண்டோவிலேயே ஒரு டிக் பாக்ஸ் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

ஃபைலின் இரண்டு முனைகளும் தனிக் கதை. கடைசியில் வருகிற டிக் பெரும்பாலும் ரிவர்ப் வால் (எதிரொலி அடங்குகிற நீட்சி) வெட்டுப்பட்டதால் வருவது. டெய்ல் என்ற இடத்தில் சில ஆயிரம் மில்லி செகண்ட் கொடுங்கள், நீண்ட பேட் ஒலிகளுக்கு இன்னும் தாராளமாக. ஆரம்பத்தில் நோட்டு வராமல் போவது, ப்ராஜெக்டின் முதல் புள்ளியிலேயே மிடி நோட்டை வைப்பதால் நேரலாம். ஒரு பார் தள்ளித் தொடங்கும் பழக்கம் நல்லது. தேர்ந்தெடுத்த பகுதியை மட்டும் ரெண்டர் செய்யும்போது, அதற்கு முன்னால் அடிக்கப்பட்ட, வாசிப்பு முறையை மாற்றுகிற கீஸ்விட்ச் நோட்டு பிளகினுக்குப் போய்ச் சேராமல், வயலின் லெகாட்டோவில் (இழைத்து) வர வேண்டியது பிஸிகாட்டோவில் (நரம்பைச் சுண்டி) வந்து நிற்கும். பகுதியை ஒரு பார் முன்னாலிருந்தே தேர்ந்தெடுத்து, வேண்டாததைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

டிக் எல்லா ரெண்டரிலும் ஒரே இடத்தில்தான் வருகிறதா, அல்லது இடம் மாறுகிறதா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் வழி திறந்துவிடும். ஒரே இடம் என்றால் காரணம் ப்ராஜெக்டில் எழுதப்பட்ட ஏதோ ஒன்று: நோட்டு, ஆட்டோமேஷன், வாய்ஸ் எண்ணிக்கை. இடம் மாறுகிறது என்றால் நேரம் சம்பந்தப்பட்டது: டிஸ்க், த்ரெட் (சிபியு ஒரே நேரத்தில் ஓட்டுகிற வேலைகள்), அல்லது பிளகினுக்குள்ளேயே இருக்கிற தற்செயல். இரண்டு முறை ரெண்டர் செய்து இரண்டு ஃபைலையும் இரண்டு ட்ராக்கில் போட்டு, ஒன்றின் ஃபேஸைத் தலைகீழாக்கி ப்ளே செய்யுங்கள். இரண்டும் ஒன்றே என்றால் முழு மௌனம். வித்தியாசம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் சத்தம் வரும். ஒன்று மட்டும் கவனம், ஆசிலேட்டரின் ஃபேஸ் (அலை தொடங்குகிற இடம்) ஒவ்வொரு நோட்டுக்கும் தற்செயலாகத் தொடங்குகிற சிந்த்களில் இந்தச் சோதனை எப்போதும் மௌனம் தராது, அதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபேஸ் ரேண்டம் குமிழைப் பூஜ்யத்தில் வைத்து, எல்எஃப்ஓவை (ஒலியை மெதுவாக ஆட்டுகிற அலையை) நோட்டோடு மறுபடி தொடங்கும்படி மாற்றிவிட்டுச் சோதியுங்கள்.

த்ரெட் என்றேன். ரீப்பர் ட்ராக்குகளை சிபியுவின் பல கோர்களுக்குத் தானே பிரித்துக் கொடுக்கிறது. அதற்குள்ளே சிந்தும் தன் பங்குக்கு மல்ட்டிகோர் பட்டனை அழுத்தி வைத்திருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். டீவாவிலும் காண்டாக்ட்டிலும் அப்படி ஒரு தேர்வு இருக்கிறது, டிக் வந்தால் அதை அணைத்துவிட்டு மறுபடி ரெண்டர் செய்து பாருங்கள்.

ப்ளேயில் நன்றாக இருக்கிற ட்ராக், ரெக்கார்ட் ஆர்ம் (பதிவுக்குத் தயார்) செய்ததும் டிக் அடிக்கிறதே என்று கேட்பவர்களுக்கும் பதில் இங்கேதான். ஆன்டிசிபேட்டிவ் எஃப்எக்ஸ் என்று ரீப்பரில் ஒரு வசதி, நாம் கேட்பதற்கு 200 மில்லி செகண்ட் முன்னதாகவே ட்ராக்குகளைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். அதனால்தான் எளிய லேப்டாப்பில்கூட பஃபர் குறைவாக வைத்தும் நிறைய சிந்த்கள் ஓடுகின்றன. ஆர்ம் செய்து லைவாக வாசிக்கிற ட்ராக்குக்கு அந்த முன்னேற்பாடு செய்ய முடியாது, அடுத்து எந்தக் கீயை நீங்கள் அழுத்தப்போகிறீர்கள் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாதே. பெர்ஃபார்மன்ஸ் மீட்டரைத் திறந்து வைத்தால் எந்த ட்ராக் எவ்வளவு சிபியு தின்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆஃப்லைனே ஒத்துவராத சமாச்சாரங்களும் இருக்கின்றன. வெளியே வயரில் மாட்டிய ஹார்ட்வேர் சிந்த், ஹார்ட்வேர் கம்ப்ரஸர் இவற்றையெல்லாம் இயல்பான வேகத்தில்தான் ஓடவிட முடியும், அதற்கு ஒரு வழி ஆன்லைன் ரெண்டர். அங்கே கடிகாரம் மறுபடி வந்துவிடுகிறது, பஃபரை 1024-க்கு ஏற்று என்ற அறிவுரை இங்கேதான் முழுக்க உண்மை, பவுன்ஸ் நேரத்தில் யாரும் லைவாக வாசிக்கப்போவதில்லை என்பதால் லேட்டன்சி (கீயை அழுத்துவதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையிலான தாமதம்) பற்றிக் கவலையே வேண்டாம். இன்னொரு வழி, ட்ராக்கின் ரெக்கார்ட் முறையை 'அவுட்புட்' என்று மாற்றி, ப்ராஜெக்டை ஓடவிட்டு அதே ட்ராக்கில் ஒலியைப் பதிவு செய்துவிடுவது. ஒரு டேக்கில் டிக் விழுந்தால் அந்த நான்கு பாரை மட்டும் மறுபடி பதிவு செய்து ஒட்டிக்கொள்ளலாம். முழுப் பாட்டையும் திரும்ப ஓட்டத் தேவையில்லை.

ஃப்ரீஸ் வசதி பற்றியும் நல்லதாக ஒரு வார்த்தை. ட்ராக்கை ஸ்டீரியோவாக ஃப்ரீஸ் செய்தால் மிடியும் சிந்தும் உள்ளே பத்திரமாக இருக்க, ஆடியோ மட்டும் ஓடும், அன்ஃப்ரீஸ் செய்தால் பழையபடி திரும்பிவிடும். ஒவ்வொரு சிந்தாக ஃப்ரீஸ் செய்து, ஒவ்வொன்றையும் காது கொடுத்துக் கேட்டு, திருப்தியான பிறகு மொத்தமாக ரெண்டர் செய்தால் கடைசி நேரத்தில் எந்த அதிர்ச்சியும் இருக்காது. ஸ்டெம் ரெண்டரையும் அப்ளை எஃப்எக்ஸையும் இயல்பான வேகத்துக்குக் கட்டுப்படுத்துகிற ஒரு செட்டிங்கும் ரெண்டரிங் பக்கத்தில் இருக்கிறது, ஹார்ட் டிஸ்க்கில் லைப்ரரி வைத்திருப்பவர்கள் அதை நிரந்தரமாகவே போட்டு வைக்கலாம்.

குறைகள் உண்டு. ரெண்டர் விண்டோவில் அடுக்கடுக்காக வார்த்தைகள், முதல் முறை பார்ப்பவருக்கு எது முக்கியம், எதைத் தொட வேண்டாம் என்று எந்தக் குறிப்பும் கிடையாது. நான் சொன்ன வேகப் பட்டியல் ஒரு இடத்தில், பிளாக் அளவு பிரெஃபரன்ஸில் இன்னொரு இடத்தில், பிளகின் காம்பேட்டிபிலிட்டி வேறொரு இடத்தில். மூன்றும் ஒரே பிரச்சினைக்கான சாவிகள், மூன்றையும் ஒரு பக்கத்தில் வைத்திருக்கலாம். மேனுவல் விரிவாக, நேர்மையாக எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில், அதுவும் மிக நீளம். தமிழில் சொல்லித்தருகிறவர்கள் பெரும்பாலும் எஃப்எல் ஸ்டுடியோ, க்யூபேஸ், லாஜிக் பக்கம்தான் இருக்கிறார்கள், ரீப்பருக்கு ஆள் குறைவு, இந்த நீளமான விமர்சனத்தை எழுத அதுவும் ஒரு காரணம். உள்ளேயே வருகிற சிந்த்கள் மிக எளிமையானவை, ஒலிக்காக யாரும் ரீப்பரை வாங்கக் கூடாது. சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் போன்ற இலவச சிந்த்களை இறக்கிப் போட்டுக்கொண்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும்.

மற்ற மென்பொருள்களில் இதெல்லாம் இல்லையா என்றால், கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. லாஜிக்கில் பவுன்ஸ் செய்யும்போது ரியல்டைம், ஆஃப்லைன் என்று இரண்டு தேர்வு. க்யூபேஸில் எக்ஸ்போர்ட் செய்யும்போது ரியல்டைம் என்ற பெட்டியை டிக் செய்யலாம். ப்ரோ டூல்ஸுக்கு ஆஃப்லைன் பவுன்ஸே 2013-ல் 11-ஆம் பதிப்பில்தான் வந்தது, அதுவரை எல்லோரும் பாட்டு முழுதும் ஓடும்வரை உட்கார்ந்திருந்தார்கள். எஃப்எல் ஸ்டுடியோவின் எக்ஸ்போர்ட்டில் அதிகபட்ச பாலிஃபனி வரம்பை நீக்குகிற ஒரு தேர்வு இருக்கிறது, அது நல்ல யோசனை, ரீப்பரில் எனக்கு அது வேண்டும். ஆனால் கடிகாரமும் இல்லாமல் அவசரமும் இல்லாமல் போகிற 1எக்ஸ் ஆஃப்லைன், ரெண்டருக்கு நாமே எழுதுகிற பிளாக் அளவு, ஆஃப்லைன் தகவலைப் பிளகினிடமிருந்து மறைக்கிற வசதி, இந்த மூன்றும் ஒன்றாக, அதுவும் இந்த விலையில் கிடைப்பதுதான் ரீப்பரின் பலம்.

விலை: சொந்த உபயோகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் தனிநபர்களுக்கும், இதில் வருகிற ஆண்டு வருமானம் 20,000 டாலரைத் தாண்டாதவர்களுக்கும் 60 டாலர், நம் காசில் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் வரும். அதைத் தாண்டிச் சம்பாதிக்கும் ஸ்டுடியோக்களுக்கு 225 டாலர். இரண்டிலும் மென்பொருள் ஒன்றேதான், வசதியில் எந்த வித்தியாசமும் இல்லை. இப்போது வாங்கினால் 8-ஆம் பதிப்பு முடியும்வரை அப்டேட் செலவில்லை. வாங்கும் முன் 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், சேவ் ஆகாது, ரெண்டர் ஆகாது என்ற கட்டுப்பாடு எதுவும் கிடையாது. 60 நாள் கழிந்தும் அது பூட்டிக்கொள்வதில்லை, நம்மை நம்பி விட்டிருக்கிறார்கள், பிடித்திருந்தால் காசு கொடுத்துவிடுங்கள்.

வேறு மென்பொருளில் வேலை செய்கிறவர்கள் அதை விட்டுவிட்டு வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்களைப் படுத்துகிற அந்த ஒரு ட்ராக்கின் மிடியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து, ரீப்பரில் அதே பிளகின், அதே பிரிசெட் போட்டு, முதலில் ஃபுல் ஸ்பீடிலும் பிறகு 1எக்ஸ் ஆஃப்லைனிலும் ரெண்டர் செய்து பாருங்கள். 1எக்ஸில் சுத்தமாக வந்தால் டிஸ்க் அல்லது பிளகினின் வேகம்தான் காரணம், அந்த ஃபைலையே எடுத்துக்கொண்டு போய் உங்கள் ப்ராஜெக்டில் வைத்துவிடலாம். இரண்டிலும் அதே இடத்தில் டிக் வந்தால் பாலிஃபனியையும் ஆட்டோமேஷனையும் பாருங்கள். அவையும் சரியாக இருந்தால் பிளகின் தயாரிப்பாளருக்கு எழுத வேண்டியதுதான், எழுதும்போது மிடி ஃபைல், பிரிசெட், சாம்பிள் ரேட், பிளாக் அளவு, இரண்டு ரெண்டர் ஃபைல்கள் எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்புங்கள். அவர்கள் பக்கத்திலும் அதே டிக் கேட்டால்தான் சரிசெய்வார்கள்.